பிடித்த பாஸ் மீன் தண்ணீருக்கா, தட்டுக்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பது குறித்துத் தங்கள் வார இணைப்பில் வெளியான கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் ஒன்றுவிடாமல் படித்தேன். ஒருவர் தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தார்; இன்னொருவர் சொந்தப் படகு இல்லாமல் இந்த மீனைப் பிடிக்கவே முடியாது என்று எழுதியிருந்தார்; மூன்றாமவர், பாஸ் மீனைச் சமைத்து உண்பது பண்பற்ற செயல் என்று வருந்தியிருந்தார். தனித்தனிச் செய்திகளாகத் தோன்றும் இம்மூன்றும் ஒரே கேள்வியில்தான் வந்து முடிகின்றன. பிடிக்கப்போகும் மீனை உண்பதா, உயிரோடு தண்ணீரில் விடுவதா என்பதைத் தூண்டிலை வீசுவதற்கு முன்பே தீர்மானித்துவிட்டால், என்ன தூண்டில் முள், என்ன தூண்டில் நரம்பு, எவ்வளவு பெரிய படகு, பெட்டியில் பனிக்கட்டியா தண்ணீரா என்பதெல்லாம் பெரும்பாலும் தாமாகவே முடிவாகிவிடும். அந்தத் தீர்மானம் இல்லாமல் கடைக்குப் போகிறவர்கள்தான் தேவைக்கு மேல் வாங்குகிறார்கள், பிடித்த மீனையும் வீணாக்குகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

நான் சொல்வது லார்ஜ்மவுத் பாஸ் எனப்படும் அகன்ற வாய் மீனைப் பற்றி. இது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நன்னீர் நிலைகளைத் தாயகமாகக் கொண்டு, பின்னர் நாடெங்கும் விடப்பட்ட மீன். சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் அறிந்த கொடுவாய்க்கும் இதற்கும் குடும்ப உறவு எதுவும் இல்லை. 1932-ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான் இந்த இனத்தில் உலகச் சாதனையாகப் பதிவானது. 2009-இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் அதற்குச் சமமாக ஏற்கப்பட்டது. பெர்ரி அந்த மீனை எடைபோட்டுப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். அவருடைய குடும்பத்தினர் அதைச் சமைத்து உண்டார்கள். பொருளாதார நெருக்கடி மிகுந்த அந்தக் காலத்தில் அதை யாரும் குறையாகக் கருதவில்லை. பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்ற வழக்கம் இங்கே வேரூன்றியது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். பாஸ் போட்டிகளைப் பெரும் இயக்கமாக வளர்த்த ரே ஸ்காட், 1972-இல் தம் போட்டிகளில் மீனை உயிரோடு திருப்பி விடும் முறையைக் கொண்டுவந்தார். போட்டிக்குப் போட்டி நூற்றுக்கணக்கான பெரிய மீன்கள் மடிவதை நிறுத்திய நல்ல ஏற்பாடு அது. ஆனால் போட்டிக்கு வகுத்த நெறி, குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போய் இரண்டு மீன் கொண்டுவருபவரைக் கூசவைக்கும் கட்டளையாக மாறியதற்கு நியாயம் இல்லை.

மீன்வளத்தைக் காக்க விரும்புகிறவர் எல்லா மீனையும் விட வேண்டியதில்லை. எதை விடுகிறோம், எதை எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். பன்னிரண்டு முதல் பதினான்கு அங்குல மீன்கள் பல ஏரிகளில் நெருக்கமாக இருக்கின்றன. இரை போதாமல் வளர்ச்சி குன்றி நிற்கும் நீர்நிலைகளில், சட்டம் அனுமதிக்கும் அளவுக்குச் சிறியவற்றை எடுப்பது மிச்சமுள்ளவை பெரிதாக வளர உதவுகிறது. பல மாநிலங்கள் நடுத்தர அளவுள்ள மீன்களைக் கட்டாயம் விட வேண்டும் என்றும், அதற்குக் கீழானவற்றை எடுக்கலாம் என்றும் விதி வைத்திருப்பதற்கு இதுவே காரணம். பெரிய மீனின் கதை வேறு. அது பல ஆண்டுகள் பிழைத்து வளர்ந்த பெண் மீனாகவே பெரும்பாலும் இருக்கும். அதன் முட்டையும் மரபும் ஏரிக்குச் சொத்து. டெக்சஸ் மாநிலம் 1986 முதல், 13 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள பாஸ் மீன்களைப் பிடித்தவர்களிடமிருந்து உயிரோடு பெற்று இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தும் திட்டம் நடத்துவது அதனால்தான். இளவேனிலில் தண்ணீர் ஏறக்குறைய 60 முதல் 68 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சூடேறும்போது ஆண் மீன் கரையோரத்தில் குழி பறித்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கும். அப்போது அதைத் தூக்கிவிட்டால், சில நிமிடங்களில் புளூகில் போன்ற சிறு மீன்கள் முட்டைகளை மேய்ந்துவிடும். அந்த வாரங்களில் கூட்டின் மேல் இருக்கும் மீனை விட்டு விலகிப் போய் ஆழத்தில் தூண்டில் வீசுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி ரீல் கேட்ட வாசகருக்கு வருகிறேன். புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரே ஒரு கோலும் ஒரே ஒரு ரீலும் போதும். ஏழடி நீளம், நடுத்தர வலிமை, நுனி மட்டும் விரைந்து வளையும் தன்மை உள்ள கோலும், 2500 அல்லது 3000 அளவுள்ள ஸ்பின்னிங் ரீலும் இருந்தால் பாஸ் பிடிக்கும் முறைகளில் முக்கால் பங்கைச் செய்துவிடலாம். பெய்ட்காஸ்டர் என்னும் உருளை ரீல் கனமான இரையை நேர்த்தியாக வீசவும், அடர்ந்த பாசிக்குள்ளிருந்து மீனை இழுக்கவும் சிறந்தது; ஆனால் அதில் கட்டைவிரலால் சுருளின் வேகத்தை அடக்கக் கற்றுக்கொள்ளும்வரை நரம்பு சிக்கிக்கொண்டே இருக்கும். கற்றுக்கொள்ள விரும்புகிறவர் அதை இரண்டாவதாக வாங்கட்டும். ரீலின் மேல் எழுதியிருக்கும் விகிதத்தைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. 6:1 என்றால் கைப்பிடி ஒருமுறை சுற்றும்போது நரம்பு ஆறு சுற்றுச் சுற்றப்படுகிறது என்பதே பொருள். ஆழத்தில் இழுத்துவரும் கிராங்க்பெய்ட் என்னும் மீன் வடிவப் போலி இரைக்குக் குறைந்த விகிதமும், புழுவைப்போல் மெதுவாக அசைத்துவிட்டுத் தளர்ந்த நரம்பைச் சட்டென்று சுற்றிக்கொள்ள வேண்டிய இரைக்கு அதிக விகிதமும் வசதி.

ரீலைவிட நரம்பில்தான் கவனம் வேண்டும் என்பது என் எண்ணம். நைலான் நரம்பு இழுபடும், தண்ணீரை உறிஞ்சும், ஆனால் மலிவானது, முடிச்சுக்கு இணங்குவது. ஃப்ளூரோகார்பன் தண்ணீரைவிட அடர்த்தி மிகுந்ததால் மூழ்கும். ஒளியை விலக்கும் தன்மை நைலானைவிடத் தண்ணீருக்கு நெருக்கமாக இருப்பதால் தெளிந்த நீரில் குறைவாகவே தெரியும். பின்னல் நரம்பு ஏறத்தாழ இழுபடவே இழுபடாது, மிதக்கும், மெல்லியதாக இருந்தும் மிகுந்த வலுவுடையது. ஸ்பின்னிங் ரீலில் 10 முதல் 15 பவுண்டு பின்னல் நரம்பைச் சுற்றி, அதன் நுனியில் சில அடி நீளத்துக்கு 8 அல்லது 10 பவுண்டு ஃப்ளூரோகார்பனைக் கட்டினால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலாலோ தண்ணீராலோ நனையுங்கள். உலர்ந்த நரம்பு உராய்வில் சூடேறி, இறுக்கும்போதே பலம் இழந்துவிடுகிறது. மீனை விடப்போகிறவர் மெல்லிய நரம்பில் நீண்ட நேரம் விளையாடி மகிழ்வதை நான் ஏற்கமாட்டேன். வெதுவெதுப்பான நீரில் களைத்துப்போகும்வரை இழுக்கப்பட்ட மீன் நீந்திச் செல்வதுபோலத் தோன்றினாலும் பின்னால் இறந்துபோகக்கூடும். விடுகிறவர்தான் வலுவான நரம்பு போட்டு விரைவாகக் கரைசேர்க்க வேண்டும்.

முள்ளிலும் அதே தீர்மானம் வேலை செய்கிறது. கிராங்க்பெய்ட் போன்ற இரைகளில் தொங்கும் மூன்று முனை முள்கள் மீனின் வாயிலும் கண்ணிலும் செவுளிலும் ஒரே நேரத்தில் ஏறிவிடும். விடுவதற்காகப் பிடிப்பவர் அவற்றைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டலாம். குறைந்தபட்சம், கவ்விய மீன் நழுவாமல் தடுக்கும் சிறிய எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடலாம். எனக்குப் பிடித்தது டெக்சஸ் முறை. துளையிட்ட கூம்பு எடையை முதலில் நரம்பில் கோத்து, அதன்கீழ் 3/0 அளவுள்ள வளைந்த முள்ளைக் கட்டி, முள்ளின் கூரை மென்மையான பிளாஸ்டிக் புழுவின் உடலுக்குள் மறைத்துவிட்டால், பாசியிலும் மூழ்கிய மரக்கிளையிலும் சிக்காமல் நழுவி வரும். ஓஹையோவின் ஏக்ரன் நகரில் நிக் கிரீம் 1949-இல் உருவாக்கிய மென்மையான பிளாஸ்டிக் புழுவின் வழிவந்த இந்த இரைகள் இன்று எண்ணற்ற வடிவங்களில் வருகின்றன. பச்சை கலந்த பழுப்பு, கறுப்பு நீலம் என்ற இரண்டு நிறங்கள் போதும், மீதிப் பெட்டிகளைக் கடையிலேயே விட்டுவிடலாம். புழுவைக் கவ்விய மீனுக்கு நெடுநேரம் கொடுக்காமல் உடனே கோலை உயர்த்தி முள்ளைப் பதியவைக்க வேண்டும். தாமதித்தால் அது விழுங்கிவிடும். விழுங்கிய மீன் எடுக்கத்தக்க அளவில் இருந்தால் அதுவே அன்றைய சமையலுக்கு ஆகட்டும். விட்டே ஆக வேண்டிய அளவென்றால், முள்ளைப் பிடுங்காமல் அதன் அருகில் நரம்பை வெட்டிவிடுவதுதான் அது பிழைக்க வழி.

எடைக்கு ஈயம் வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். தண்ணீரில் அறுந்து விழும் சிறிய ஈயக்குண்டுகளைக் கூழாங்கல் என்று எண்ணி விழுங்கும் லூன் பறவைகள் நஞ்சேறி இறக்கின்றன. நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் முதலான மாநிலங்கள் சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை விதித்திருப்பது இதற்காகவே. டங்ஸ்டன் விலை கூடுதல்தான். ஆனால் ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் டங்ஸ்டனுடையது 19.3, அதே எடை சிறிய உருவத்தில் கிடைப்பதால் பாசிக்குள் எளிதாக இறங்குகிறது, அடித்தரை கல்லா சேறா என்பதும் கைக்கு நன்றாகத் தெரிகிறது. கிழிந்த பிளாஸ்டிக் புழுக்களைத் தண்ணீரில் எறிவதும் கூடாது. அவை மக்குவதில்லை, மீனின் வயிற்றில் போய் ஊதிக்கொள்கின்றன. தூண்டில் பொருள்களின் விலையில் ஒரு பங்கு, 1950-இல் வந்த டிங்கல்-ஜான்சன் சட்டத்தின்படி கூட்டரசு வரியாகச் சேர்ந்து மாநிலங்களின் மீன்வளப் பணிக்குத் திரும்புகிறது என்பதையும், உரிமக் கட்டணமும் அதே பணிக்குத்தான் போகிறது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். உரிமம் எடுக்காமல் மீன் பிடிப்பவர் தம் ஏரியிடமிருந்தே திருடுகிறார்.

படகைப் பற்றி எழுதிய வாசகரோடு எனக்குக் கருத்து வேற்றுமை உண்டு. இந்த மீன் கரையோரப் பாசியையும், மூழ்கிய மரங்களையும், படகுத்துறைகளின் நிழலையும் விரும்புவது. நடந்து போய்ப் பிடிக்கத்தக்க மீன் ஏராளம். கண்ணாடியிழையால் ஆன, இருபது அடியை நெருங்கும், 150 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட எஞ்சின் பூட்டிய பாஸ் படகு எதற்காக உருவானது என்று யோசித்துப் பாருங்கள். போட்டி நாளில், பெரிய நீர்த்தேக்கத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விரைந்து ஓடி, பிடித்த ஐந்து மீன்களைப் பிற்பகலில் எடைபோடும்வரை உயிரோடு வைத்திருப்பதற்காக உருவானது. அதன் உள்ளே இருக்கும் லைவ்வெல் என்னும் தண்ணீர்த் தொட்டியும் காற்றேற்றும் பம்பும் அதற்குத்தான். பிடித்த இடத்திலேயே விடுகிறவருக்கு அந்தத் தொட்டி தேவையில்லை. சமைக்க எடுப்பவருக்குத் தொட்டியைவிடப் பனிக்கட்டிப் பெட்டியே நல்லது. கோடை வெயிலில் தொட்டித் தண்ணீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குப் பதினொரு மில்லிகிராம் அளவில் தங்கும் ஆக்சிஜன் 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். அதில் கிடந்து தவித்துச் செத்த மீன் சுவையிலும் தாழ்ந்துவிடுகிறது. போட்டியில் கலந்துகொள்ளாதவருக்குப் பன்னிரண்டு அல்லது பதினான்கு அடி நீளமுள்ள, அடிப்பகுதி தட்டையான அலுமினியப் படகும், மின்கலத்தில் ஓடும் சிறிய மோட்டாரும் போதுமானவை. ஒருவர் மட்டும் போவதென்றால் கயாக்கே போதும்.

வாங்கும் விலையை மட்டும் பார்த்துப் படகு வாங்கக் கூடாது. பதிவு, காப்பீடு, நிறுத்த இடம், இழுவை வண்டி, அதன் டயர், ஆண்டுக்கொருமுறை பராமரிப்பு ஆகியவை படகு ஓடாத மாதங்களிலும் செலவு வைப்பவை. இழுவை வண்டியின் சக்கரத் தாங்கிகள் நெடுஞ்சாலை ஓட்டத்தில் சூடேறி, இறங்குதுறையின் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஆகவே கிரீஸ் பார்க்காமல் நெடுந்தூரம் போகக் கூடாது. படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் கீழ்ப்பகுதி எண்ணெயை ஆண்டுதோறும் வடித்துப் பாருங்கள். பால் நிறமாக வந்தால் நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து நாளடைவில் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும் என்பதால் தொட்டியில் மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. பதினைந்து விழுக்காடு கலந்ததைப் படகு எஞ்சினில் போடவே கூடாது, அது சட்டப்படியும் அனுமதிக்கப்படாதது. பழைய படகு வாங்குகிறவர்கள் தளத்தின் மூலைகளில் காலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே மரம் இற்றுப்போயிருக்கிறது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பாதுகாப்பில் எனக்குச் சமரசம் இல்லை. இருபது அடிக்குக் குறைந்த சாதாரண மோட்டார் படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனைக் குதிரைத் திறன் என்று பொறித்த தகடு இருக்கும்; உறவினர்கள் கூடியிருக்கிறார்கள் என்பதற்காக அதை மீறி ஒருவரைக்கூட ஏற்றக் கூடாது. ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி படகில் இருந்தாக வேண்டும். 13 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் ஓடும் படகின் திறந்த தளத்தில் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது கூட்டரசு விதி. மாநிலம் தனி விதி வைத்திருந்தால் அங்கே அதுவே செல்லும். பெரியவர்கள் அதை இருக்கைக்கடியில் வைத்துவிடுகிறார்கள். படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அங்கி அணியாதவர்கள் என்று கடலோரக் காவல்படையின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை, 26 அடிக்குக் குறைந்த படகுகளில் வேகமாகச் செல்லும்போது இணைத்துக்கொள்ள வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம். ஏரி மாறும்போது படகின் அடைப்பானைத் திறந்து நீரை முழுதும் வடித்து, கழுவி, உலர்த்திய பிறகே அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளிலிருந்து வந்து 1988-இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்ட வரிக்குதிரைச் சிப்பி, இத்தகைய கவனக்குறைவால்தான் எத்தனையோ ஏரிகளுக்குப் பரவியிருக்கிறது.

இப்போது அடுப்பங்கரை. பாஸ் மீன் சுவையற்றது, சேற்று வாடை அடிப்பது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் குறை சொல்ல வேண்டியது மீனை அல்ல, பிடித்ததிலிருந்து சமைக்கும்வரை அதை நடத்திய விதத்தை. எடுப்பது என்று முடிவானதும் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி உணர்விழக்கச் செய்து, செவுள்களை வெட்டி இரத்தத்தை வடியவிட்டு, பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த பெட்டியில் முழுவதும் மூழ்கும்படி வைக்க வேண்டும். கயிற்றில் கோத்து வெதுவெதுப்பான நீரில் மணிக்கணக்கில் தொங்கவிடுவது மீனுக்குக் கொடுமை, சமையலுக்குக் கேடு. வீடு சேர்ந்ததும் குடலை எடுத்து, முதுகெலும்பை ஒட்டியுள்ள இரத்தக் கோட்டை விரல் நகத்தால் வழித்துக் கழுவ வேண்டும். பலர் தவறவிடும் இடம் இதுதான்.

சேற்று வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். நீலப்பச்சைப் பாசிகளும் சில மண் நுண்ணுயிரிகளும் அதை உண்டாக்குகின்றன. வெயில் காலத்தில் பாசி பெருகும் ஆழமற்ற நீரில் அது மிகுதி. தண்ணீரில் லட்சம் கோடியில் பத்துப் பங்கு அளவே கலந்திருந்தாலும் மனித மூக்கு அதை அறிந்துவிடும். அது மீனின் தோலிலும் கொழுப்பிலும், பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையிலும் தங்குகிறது. அமிலத்தில் அது சிதைந்து மணமற்றுப் போகிறது என்பதால், உப்பும் மஞ்சளும் புளிக்கரைசலும் தடவிச் சிறிது நேரம் வைத்துக் கழுவும் நம் வீட்டு வழக்கத்துக்கு வேதியியல் ஆதாரம் உண்டு. கோடை மீனுக்குத் தோலை முழுதும் உரித்து, கருஞ்சதையைக் கத்தியால் நீக்கிவிடுங்கள். இளவேனில் தொடக்கத்திலும், தண்ணீர் குளிர்ந்துவிடும் இலையுதிர்காலத்திலும் பிடித்த மீனுக்குப் பெரும்பாலும் செதிலைச் சுரண்டினாலே போதும்.

இதன் சதை வெண்மையானது, கெட்டியானது, கொழுப்புக் குறைந்தது. கொழுப்பில்லாத மீன் மிகைச் சூட்டை மன்னிக்காது. குழம்பு வைப்பவர்கள் புளி, மிளகாய், மல்லி எல்லாம் பச்சை வாசனை போகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகே துண்டுகளைப் போட வேண்டும். போட்டபின் கரண்டி விடாமல் சட்டியைப் பிடித்து ஒருமுறை சுழற்றிவிட்டு, ஏழெட்டு நிமிடத்தில் இறக்கிவிடலாம். நடுமுள்ளோடு வெட்டிய துண்டு குழம்புக்கு உகந்தது, ஏனெனில் முள் சதையை உடையாமல் தாங்குகிறது, சாற்றையும் கொடுக்கிறது. வறுப்பதற்குச் சதையை மட்டும் அறுத்தெடுத்து, ஈரத்தை நன்றாக ஒற்றியெடுத்து, கனத்த இரும்புச் சட்டியில் 350 முதல் 375 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில், இரண்டு மூன்று துண்டுகளாகவே போட வேண்டும்; ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் எண்ணெய் ஆறி, மீன் வறுபடாமல் எண்ணெய் குடிக்கும். எந்த முறையானாலும் தடித்த இடத்தின் நடுவில் 145 டிகிரி ஃபாரன்ஹீட் எட்ட வேண்டும். நன்னீர் மீனில் ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும் என்பதால் பச்சையாகவோ எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து மட்டுமோ உண்ணக் கூடாது. புளிப்பு அவற்றைக் கொல்வதில்லை. மிஞ்சியதைக் காற்று நீக்கிய உறையில் உறையவைத்தால் பல மாதம் கெடாது. ஆனால் இளக்கும்போது உறையைத் திறந்துவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்து இளக்க வேண்டும். காற்றில்லாத உறைக்குள்ளேயே இளகும் மீனில் நஞ்சுண்டாக்கும் ஒருவகை நுண்ணுயிரி வளரும் வாய்ப்பு இருக்கிறது.

சமையலில் எந்தத் திறமையாலும் நீக்க முடியாதது ஒன்று உண்டு, அது பாதரசம். மற்ற மீன்களைத் தின்று வாழும் பாஸ் மீனின் உடலில் வயதோடும் அளவோடும் பாதரசம் கூடுகிறது. அது சதைப் புரதத்தோடு பிணைந்திருப்பதால் கொழுப்பை நீக்குவதாலோ, தோலை உரிப்பதாலோ, வேகவைப்பதாலோ குறையாது. பி.சி.பி. என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள் போன்ற வேறு சில மாசுகள் கொழுப்பில் தங்குவதால் அவற்றைத் தோலும் வயிற்றுக் கொழுப்பும் நீக்கிக் குறைக்கலாம். பாதரசத்துக்கு அந்த வழியும் இல்லை. ஏரிக்கு நல்லதென்று நான் முன்னே சொன்ன விதியே, அதாவது சிறியதை எடுத்துப் பெரியதை விடுவதே, இங்கே வீட்டுக்கும் நல்லதாகிறது. ஒவ்வொரு மாநிலமும் எந்த ஏரியில் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம் என்று அறிவிப்பு வெளியிடுகிறது. அறிவிப்பு எதுவும் இல்லாத நீர்நிலையென்றால், அங்கே பிடித்த மீனை வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் உண்ண வேண்டாம், அந்த வாரம் வேறு மீனும் வேண்டாம் என்பது கூட்டரசின் அறிவுரை. கருவுற்ற பெண்களும், பாலூட்டும் தாய்மார்களும், சிறு குழந்தைகளும் உள்ள வீடுகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மீன் நல்லது, அதிலும் நாமே பிடித்தது நல்லது என்று நம்பிப் பாட்டிமார் பேரக்குழந்தைகளுக்கு முள் நீக்கி ஊட்டும் வீடுகளை நினைத்துத்தான் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் இதழின் சமையல் பகுதியில் ஏரி மீன் குறிப்பு வெளியாகும்போதெல்லாம், வாசகர்கள் தம் மாநிலத்தின் மீன் உண்ணல் அறிவிப்பையும், பிடிப்பு அளவு விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற இரண்டு வரிகளை அந்தக் குறிப்பின் கீழேயே அச்சிட வேண்டுகிறேன். ஆங்கில அறிவிப்புப் பலகையைப் படிக்கத் தயங்கும் முதியவர்கள் ஏரிக்கரைகளில் தூண்டிலோடு நிற்பதை நான் பார்க்கிறேன். அவர்கள் தங்கள் இதழைத் தவறாமல் படிப்பவர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்